லோடோட மலை இறங்கும்போது பிரேக் புகையுது: வண்டியில குறையா, என்கிட்ட குறையா?

புது ட்ரெய்லர்:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வருஷம் பத்து சக்கர லாரி ஓட்டினேன். ட்ரெய்லருக்கு மாறி அஞ்சு வாரம்தான் ஆகுது. ஹார்ஸ் (முன்னால இழுக்கற வண்டி), ட்ரெய்லர், லோடு எல்லாம் சேர்த்து 40 டன் வருது.

போன வாரம் ஒரு மலை இறக்கம். அஞ்சு கிலோமீட்டர் நீளம், 6 சதவீதம் சரிவுன்னு போர்டு வெச்சிருந்தாங்க. டாப் கியருக்கு ரெண்டு கியர் கீழே போட்டு இறங்க ஆரம்பிச்சேன். வேகம் 50 பக்கம். பிரேக்கை அழுத்தி மிதிக்கவே இல்ல, மேல இருந்து லேசா கால் வெச்சபடியே வந்தேன். பாதி தூரம்கூட வரல, கண்ணாடியில பார்த்தா ட்ரெய்லர் சக்கரத்துகிட்ட வெள்ளைப் புகை. கருகின வாடை கேபினுக்குள்ளேயே அடிக்குது. பெடல் கீழே போகுது, வண்டி நிக்க மாட்டேங்குது. கியரைக் குறைக்கலாம்னு கிளட்ச்சை மிதிச்சேன், கீழ் கியர் விழவே இல்ல. கடவுள் புண்ணியத்துல பழைய கியரே திரும்ப விழுந்துச்சு. கொஞ்ச தூரத்துல சாலை சமமாகி, ஒரு மேடும் வந்ததால நின்னுச்சு.

நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போட்டேன். சக்கரத்துல தண்ணி ஊத்தலாம்னு கேனை எடுத்துட்டுப் போனா, அங்க நின்ன வேற ஒரு டிரைவர் கத்தித் தடுத்தார். ஏன்னு கேக்கறதுக்குள்ள அவர் வண்டி கிளம்பிடுச்சு.

வேலை கொடுத்தவங்க "வண்டி நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் ஓட்டத் தெரியல"ன்னு சொல்றாங்க. அன்னிக்கு நான் காலையிலிருந்து 11 மணி நேரம் ஸ்டியரிங்ல இருந்தேன், அதையும் சொல்லிடறேன். தூக்கம் வரல, ஆனா மந்தமா இருந்தது உண்மை.

இன்னொண்ணும் கேக்கணும். திருப்பத்துல ட்ரெய்லர் பின் சக்கரம் ஓரக்கல் மேல ஏறிடுது. எவ்வளவு அகலமா எடுத்தாலும் பத்தல. விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

---

பழைய ஸ்டியரிங்:

தம்பி, முழுசா கீழே வந்து சேர்ந்தியே, அது போதும். மத்ததெல்லாம் கத்துக்கலாம். 28 வருஷமா ட்ரெய்லர்தான் ஓட்டறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். பொறுமையா படி.

முதல்ல ஒரு கணக்கு. என் மகன் போட்டுக் காட்டினது. 6 சதவீத சரிவுல அஞ்சு கிலோமீட்டர்னா, 300 மீட்டர் உயரத்துல இருந்து கீழே வர்றே. 40 டன்னை அவ்வளவு உயரத்துல இருந்து இறக்கினா வெளியாகற சூட்டுல, ரெண்டு பேரல், அதாவது 400 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். காத்தும் டயர் உருளறதும் அதுல கொஞ்சத்தை எடுத்துக்கும். மிச்சம் எங்கேயாவது போயாகணும். ஒண்ணு இன்ஜின் வாங்கணும், இல்ல பிரேக் டிரம், அதாவது சக்கரத்தோட சேர்ந்து சுத்தற இரும்பு உருளை, வாங்கணும். நீ உசந்த கியர்ல வந்ததால இன்ஜின் வாங்க வேண்டியதையும் டிரம் தலையில கட்டிட்டே.

வேகம் இதுல இன்னும் முக்கியம். அதே வண்டி அதே சரிவுல 60ல இறங்கினா நிமிஷத்துக்கு நிமிஷம் தடுத்து நிறுத்த வேண்டிய சக்தி சுமார் 390 கிலோவாட். பெரிய ட்ரெய்லர் இன்ஜின் முழு மூச்சுல இழுக்கற அளவு அது. 30ல இறங்கினா அதுல சரிபாதிதான். சூடு ஆற நேரமும் ரெண்டு மடங்கு கிடைக்கும்.

அதனால இறக்கத்தை உச்சியிலேயே முடிவு பண்ணிடணும். சரிவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியரைக் குறைச்சு, எக்ஸாஸ்ட் பிரேக்கை (இன்ஜின் புகை வெளியேறறதை அடைச்சு வேகத்தைக் குறைக்கறது) போட்டுட்டுத்தான் மூக்கைக் கீழே விடணும். "ஏறின கியர்லயே இறங்கு"ன்னு பழைய ஆளுங்க சொல்வாங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. பழைய வண்டிக்கு அது சரி. இப்ப வர்ற வண்டிங்க இன்ஜின் பலம் ஜாஸ்தி, உசந்த கியர்லயே மேட்டை ஏறிடும். காத்துத் தடையும் கம்மி, உள்ளே உரசலும் கம்மி. அதனால இறக்கத்துல அதைவிடக் கீழ் கியர் வேணும். சந்தேகமா இருந்தா இன்னும் ஒண்ணு குறைச்சுக்கோ. ரொம்ப மெதுவா போறோமேன்னு தோணினா பரவாயில்ல, பின்னால இருக்கறவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

கியர் விழலன்னு சொன்னியே. வேகம் ஏறின பிறகு கீழ் கியர் விழாது. இன்ஜின் அந்த அளவுக்குச் சுத்தணும், அதால முடியாது. நடுவுல நியூட்ரல்ல மாட்டினா பழைய கியரும் விழாம போகலாம். உனக்கு விழுந்தது உன் நல்ல காலம். எனக்கு விழல.

அப்ப எனக்கு ட்ரெய்லர்ல ரெண்டாவது வருஷம். இரும்புக் குழாய் லோடு. உன்ன மாதிரியேதான், பாதி இறக்கத்துல கியரை மாத்தப் பார்த்தேன். கரகரன்னு சத்தம் மட்டும் வருது, கியர் உள்ளே போகல. பிரேக்கை அடிச்சு அடிச்சு விட்டேன். ஏர் மீட்டர் (பிரேக்கை இயக்கற காத்தழுத்தத்தைக் காட்டறது) முள்ளு 8 பார்ல இருந்து 5க்கு இறங்கறது கண்ணு முன்னாடி தெரியுது. கூட வந்த கிளீனர் பையன் சக்கரத்துக்குப் போடற கட்டையை மடியில வெச்சுக்கிட்டு என் முகத்தையே பார்க்கறான். அந்த ரோட்டுல பிரேக் பிடிக்காம ஓடி வர்ற வண்டிக்குன்னு ஓரத்துல சரளைக்கல் கொட்டி மேடா ஒரு தனிப் பாதை விட்டிருந்தாங்க. அதுல விட்டுட்டேன். கேபின் தரைக்கு அடியில கல்லு அடிச்ச சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி. அச்சு வரைக்கும் புதைஞ்சுதான் நின்னுச்சு. வண்டியை வெளியே இழுக்க ஒரு நாள் ஆச்சு. அந்தப் பையன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. அதுக்கப்புறம் எந்த மலைக்குப் போனாலும் அந்த மாதிரிப் பாதை எங்க இருக்குன்னு போர்டைப் பார்த்து மனசுல குறிச்சுக்காம நான் இறங்கறதில்ல. நீயும் குறிச்சுக்கோ. வண்டி கெட்டுப் போகுமேன்னு யோசிச்சு அதைத் தாண்டிப் போயிடாதே.

அடுத்து பிரேக். "லேசா கால் வெச்சபடியே" வந்தேன்னு சொன்னே பாரு, அதுதான் புகைக்குக் காரணம். லேசான அழுத்தத்துல எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது. சில சக்கரம் மட்டும் பிடிச்சு, மொத்த சூட்டையும் அதுவே வாங்கும், ஆறவும் நேரம் கிடைக்காது. நான் பண்றது இது: கீழ் கியர்ல இறங்கறேன், எனக்கு 30 தான் வேகம்னு முடிவு பண்ணிட்டேன். 30 தொட்டதும் பிரேக்கை நல்லா அழுத்தி 22க்குக் கொண்டு வருவேன். மூணு செகண்ட் ஆகும். காலை முழுசா எடுத்துடுவேன். மறுபடி 30 வர்ற வரைக்கும் டிரம்முக்கு ஓய்வு. திரும்பவும் அதே. ஆனா இதெல்லாம் இன்ஜின் பிடிச்சு வெச்சிருக்கும்போதுதான். உசந்த கியர்ல இதையே பண்ணினா ஏர்தான் தீரும்.

தண்ணியும் ஹேண்ட் பிரேக்கும் பத்தி பட்டறைக்காரர் யாராவது சொல்லட்டும். திருப்பத்தைப் பத்தி நான் அப்புறம் எழுதறேன், இப்ப லோடு இறக்கக் கூப்பிடறாங்க.

---

டீசல் கணக்கு:

நான் பதினைஞ்சு வருஷமா நியூட்ரல்லதான் இறக்கறேன். டீசலும் மிச்சம், இன்ஜினும் தேயாது. பிரேக் நல்லா இருந்தா போதும். தம்பியை ரொம்பப் பயமுறுத்தாதீங்க.

---

பழைய ஸ்டியரிங்:

உங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கறது சந்தோஷம். ஆனா புதுப் பையன் படிக்கற இடத்துல இதை எழுதாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். இப்ப வர்ற இன்ஜின்ல கியர்ல இருந்துக்கிட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசலே உள்ளே போகாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் அணையாம இருக்க டீசலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். மிச்சம்னு நினைக்கற இடத்துல செலவுதான் ஆகுது. எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. மொத்த 40 டன்னும் டிரம் மேல.

---

பட்டறைக்காரன்:

நண்பரே, கனரக வண்டி பிரேக் வேலைதான் என் தொழில். உங்கள் வண்டியைப் பார்க்காமல் "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஓட்டிய விதத்தில் தவறு இருந்தது உண்மைதான். அதனாலேயே பிரேக் சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்துதான் பெரும்பாலும் விபத்தாகிறது.

டிரம் சூடானால் விரியும். லைனரிடமிருந்து (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டையிடமிருந்து) விலகிப் போகும். பிரேக் சேம்பரில் (ஏர் அழுத்தம் வந்து சேரும் கிண்ணத்தில்) இருந்து வரும் தண்டு அந்த இடைவெளியையும் சேர்த்துத் தள்ள வேண்டும். அதற்கென்று ஓர் எல்லை உண்டு, தண்டு முழுதும் வெளியே வந்த பிறகு நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் லைனர் டிரம்மை அழுத்தாது. லைனரும் அதிகச் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். பெடல் போகிறது, வண்டி நிற்கவில்லை என்றீர்களே, நடந்தது இதுதான். ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது தண்டையும் பிரேக்கையும் இணைத்து இடைவெளியைச் சரிசெய்யும் கை, ஏற்கெனவே தளர்ந்திருந்தால் இந்த நிலை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். குளிர்ந்த வண்டியில் தளர்வு தெரியாது, சமவெளியில் நன்றாகவே நிற்கும். மலைதான் காட்டிக் கொடுக்கும்.

நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்துங்கள், எல்லாப் பக்கமும் கட்டை போடுங்கள், பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்லாக் அட்ஜஸ்டரையும் தண்டு சேரும் இடத்தில் பலமாக இழுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் அந்தச் சக்கரத்தைப் பட்டறையில் காட்டியே ஆக வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டராக இருந்தால் ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். அது தளர்ந்திருப்பதே எங்கோ வேறு குறை இருப்பதன் அடையாளம். முறுக்கினால் குறை மறையும், தீராது.

தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவர் தடுத்தது மிகச் சரி. கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும். அந்த விரிசலோடு அடுத்த லோடும் ஏற்றுவீர்கள். ஹேண்ட் பிரேக்கும் சூட்டோடு போடக் கூடாது. சூட்டில் விரிந்த டிரம், ஆறும்போது லைனரின் மேல் சுருங்கி இறுகும், பாகங்கள் கெடும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கட்டை போட்டு, தானாக ஆற விடுங்கள். சூடான பிரேக்கை அட்ஜஸ்ட் செய்வதும் இதே காரணத்தால் ஆபத்து. நின்ற பிறகும் அரை மணி நேரமாவது டயர்களைக் கவனியுங்கள். டிரம் சூடு வீல் வழியாக டயருக்கு ஏறி, நின்ற வண்டியில் தீப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். தீயணைப்பான் கேபினுக்குள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

காலையில் கிளம்பும் முன் ஏர் சோதனையையும் விடாதீர்கள். ஏர் நிரம்பியதும் இன்ஜினை அணைத்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். ஹார்ஸும் ட்ரெய்லரும் சேர்ந்த வண்டியில் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்து ஏரைக் குறையுங்கள். 60 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 4 பார் வரும்போது எச்சரிக்கை ஒலி வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

---

லாங் ரூட்:

11 மணி நேரம்னு எழுதினீங்களே, அதை யாரும் தொடல. ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. அமெரிக்காவுல 11 மணி நேரம் வரைக்கும் ஓட்டலாம், ஆனா அதுக்கு முன்னாடி 10 மணி நேரம் முழுசா ஓய்வு எடுத்திருக்கணும். இந்தியாவுல 1961ல வந்து 2025 வரைக்கும் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு சொல்லுச்சு. அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வும் அதுல இருந்துச்சு.

மந்தமா இருந்துச்சு, தூங்கலன்னு சொல்றீங்க. மந்தம்தான் முதல் அடையாளம். 80ல போகும்போது மூணு செகண்ட் கண்ணு அசந்தா வண்டி சுமார் 67 மீட்டர் தானா ஓடியிருக்கும். கியரை உச்சியில குறைக்கணும்னு உங்களுக்குத் தெரியாம இல்ல, ஆறு வருஷ அனுபவம் இருக்கு. களைச்ச மூளை அதைத் தள்ளிப் போட்டுடுச்சு. எனக்கும் நடந்திருக்கு, அதனாலதான் சொல்றேன். பெரிய இறக்கத்தை நாளோட கடைசியில வைக்காதீங்க. மேலேயே நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணை மூடிட்டு இறங்குங்க.

---

லோடிங் யார்டு:

நான் ஓட்டுவதில்லை, லோடு கட்டுவதைக் கவனிக்கும் வேலை. பிரேக் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதே இறக்கத்தில் ஒரு வளைவும் இருந்திருக்கும், அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் கால் பங்கு. 50 வேகத்தில் அது ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். உயரமாக லோடு ஏற்றிய ட்ரெய்லரைக் கவிழ்க்க அதுவே போதும். ஹார்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ட்ரெய்லரின் உள் சக்கரம் தரையை விட்டு எழும்புவது முதலில் தெரியாது. தெரியும்போது திருப்ப நேரம் இருக்காது. அரைகுறையாக நிரப்பிய டேங்கர் என்றால் உள்ளே திரவம் அலையடித்து இன்னும் சீக்கிரம் தூக்கிவிடும். வளைவுக்குள் போய்ப் பிரேக் போடாமல், வெளியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

லோடு கட்டுவதில் எங்கள் கணக்கு: முன்பக்கம் நகராமல் தடுக்க எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைத் தாங்க வேண்டும், பக்கத்துக்கும் பின்னுக்கும் பாதி. 20 டன் இரும்புச் சுருள் திடீர் பிரேக்கில் 16 டன் விசையோடு உங்கள் கேபினை நோக்கி வரப் பார்க்கும். தார்பாய் கட்டும் கயிற்றை நம்பி அதை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். சங்கிலி போடச் சொன்னால் கோபப்படுகிறார்கள். கோபப்பட்டாலும் நான் கேட் திறப்பதில்லை. கிளம்பி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒரு முறை இறங்கிக் கட்டுகளை இழுத்துப் பாருங்கள். லோடு உட்கார்ந்து கட்டு தளர்வது அந்தத் தூரத்தில்தான்.

---

பழைய ஸ்டியரிங்:

திருப்பத்துக்கு வர்றேன். ட்ரெய்லர் பின் சக்கரம் ஹார்ஸ் போன தடத்துல வராது, குறுக்கே வெட்டிட்டு வரும். கிங் பின்னுல இருந்து, அதாவது ட்ரெய்லரை ஹார்ஸோட மாட்டற முளையில இருந்து, ட்ரெய்லர் அச்சு 9 மீட்டர்னு வெச்சுக்கோ. கிங் பின் 15 மீட்டர் வட்டத்துல சுத்தினா, அச்சு 12 மீட்டர் வட்டத்துலதான் சுத்தும். மூணு மீட்டர் உள்ளே. ஓரக்கல் ஏறாம என்ன பண்ணும்?

பத்து சக்கரத்துல பழகின கை, திருப்பம் வந்ததும் உடனே ஒடிக்கும். ட்ரெய்லர்ல நேரா இன்னும் கொஞ்சம் உள்ளே போய், லேட்டா ஒடிக்கணும். முன்கூட்டியே எதிர்ப்பக்கம் ஒதுங்கி அகலம் எடுக்காதே. அந்த இடைவெளியில ஒரு பைக் புகுந்துடும், உனக்குத் தெரியவே தெரியாது. டிரைவர் சீட்டுக்கு எதிர்ப்பக்கக் கதவோரம் இருக்கற ஆளு கண்ணாடியில விழமாட்டான். ஓரக்கல் ஏறினா டயர் போகும், அவ்வளவுதான். அந்த இடத்துல ஒரு குழந்தை நின்னா? அகலம் பத்தலன்னா நிறுத்து, இறங்கிப் பாரு. நான் இன்னிக்கும் இறங்கிப் பாக்கறேன், அதுல வெக்கமே இல்ல.

இன்னொண்ணு, நீ கேக்கல. காலி ட்ரெய்லரோட மழையில போகும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைச்சு வை. பாரம் இல்லாத சக்கரம் வழுக்கிடும், ஹார்ஸ் ட்ரெய்லர் பக்கமா மடங்கிடும். மடங்கற மாதிரி தெரிஞ்சா பிரேக்ல இருந்து காலை எடு, அதுதான் முதல் வேலை. காலி வண்டி சீக்கிரம் நிக்கும்னு நினைக்காதே, பல நேரம் லோடு வண்டியை விடக் கூடுதல் தூரம் எடுக்கும்.

ட்ரெய்லர் மாட்டும்போது ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு, மெதுவா முன்னால இழுத்துப் பாரு. அப்புறம் டார்ச் எடுத்துட்டு அடியில குனிஞ்சு, ஹார்ஸ்ல இருக்கற கவ்வி கிங் பின்னோட கழுத்தைப் பிடிச்சிருக்கான்னு கண்ணால பாரு. ட்ரெய்லரோட மேல் தட்டுக்கும் ஹார்ஸோட கீழ் தட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா மாட்டலன்னு அர்த்தம். சத்தம் கேட்டுச்சு, மாட்டிடுச்சுன்னு யாரும் சொன்னா நம்பாதே.

---

புது ட்ரெய்லர்:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. நேத்து அதே இறக்கம், அதே லோடு. மேலேயே நிறுத்தினேன், கட்டுகளை இழுத்துப் பார்த்தேன், கால் மணி நேரம் படுத்தேன். முன்னாடி இறங்கினதைவிட மூணு கியர் கீழே போட்டு, 30ல இருந்து 22க்கு, நீங்க சொன்ன மாதிரியே. மொத்த இறக்கமும் 12 நிமிஷம். அன்னிக்கு வேகமா வந்து மிச்சம் பிடிச்சிருந்தா ஆறு நிமிஷம்தான்.

கீழே கட்டை போட்டு ஒவ்வொரு சக்கரத்துகிட்டயும் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன், தொடல. புகை இல்ல, வாடை இல்ல. எல்லாம் ஒரே மாதிரி மிதமான சூடு. ட்ரெய்லர் கடைசி அச்சு இடது பக்கம் மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு, அது ரொம்ப நல்லா இருக்குன்னு நினைக்கறேன்.

---

பட்டறைக்காரன்:

நண்பரே, அந்த ஜில்லென்ற சக்கரம்தான் குறை. அது பிரேக்கே பிடிக்கவில்லை. அதன் பங்கையும் மற்றவை சுமந்திருக்கின்றன. அன்று அவ்வளவு சீக்கிரம் புகைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஸ்லாக் அட்ஜஸ்டர், கேம் புஷ் (லைனரை விரிக்கும் கேம் சுழலும் உறை), சேம்பர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை கொடுத்தவர்களிடம் எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அது சரியாகும் வரை லோடோடு அந்த மலைக்குப் போகாதீர்கள்.

---

புது ட்ரெய்லர்:

கழட்டிப் பார்த்தாச்சு அண்ணே. கேம் துருப்பிடிச்சு புஷ்ஷோட ஒட்டிக்கிட்டிருக்கு, தண்டு அசையவே இல்ல. எழுதிக் கொடுத்துட்டேன். வண்டி இப்ப பட்டறையில நிக்குது.